ஷினோ குயினோமி

ஷினோ குயினோமி என்பது ஜப்பானின் மினோ பகுதியில் தோன்றிய ஷினோ என்னும் வெண்ணிற மெருகு இடப்பட்டு, கையால் செய்யப்படும் சிறிய மட்கிண்ணம் ஆகும். அரிசியை நொதிக்க வைத்து உருவாக்கப்படும் சாக்கே என்னும் மதுவை அருந்த இது பயன்படுகிறது. தடித்த பால் வெண்மையான மெருகு, அதில் காணப்படும் நுண்துளைகள், மெருகு மெலிந்த இடங்களில் தோன்றும் செந்நிறச் சாயல் ஆகியவை இக்கிண்ணத்தின் முதன்மையான அடையாளங்கள்.

ஷினோ மெருகு 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாகி, சில பத்தாண்டுகளே சிறப்புற்றிருந்து, 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கொழிந்தது. பின்னர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1930களில் இதன் செய்முறை மீட்டெடுக்கப்பட்டது. இன்று செய்யப்படும் ஷினோ கிண்ணங்கள் பெரும்பாலும் இம்மீட்டெடுப்பின் வழி வந்தவை.

பெயர்

குயினோமி என்னும் சொல் "மடமடவெனக் குடித்தல்" என்ற பொருள் தரும் ஜப்பானியத் தொடரில் இருந்து வந்ததாகப் பொதுவாக விளக்கப்படுகிறது. ஷினோ என்ற பெயருக்கு இரு விளக்கங்கள் வழங்குகின்றன. முரோமாச்சி காலத்தில் வாழ்ந்த, நறும்புகைக் கலை வல்லுநரான ஷினோ சோஷின் என்பவரின் பெயரில் இருந்து இது வந்தது என்பது ஒன்று. வெண்மை என்னும் பொருள் தரும் ஷிரோ என்ற சொல்லின் திரிபு என்பது மற்றொன்று. இரண்டும் உறுதி செய்யப்படவில்லை.

சாக்கே கிண்ண வகைகள்

சாக்கே அருந்தும் கிண்ணங்கள் வடிவத்தையும் பயனையும் பொறுத்து வேறுபடுகின்றன. அவற்றுள் முதன்மையானவை பின்வருமாறு:

சக்கசுகி: தட்டையான, ஆழம் குறைந்த கிண்ணம். அரக்குப் பூசிய மரத்தாலான சக்கசுகி திருமணம் முதலிய சடங்குகளில் இன்றும் பயன்படுகிறது.

ஓசோக்கோ: சிறிய கிண்ணம். தொக்குரி என்னும் குறுகிய கழுத்துள்ள குடுவையுடன் சேர்த்துப் பயன்படுத்தப்படுவது. சாக்கேயைச் சூடாக்கி அருந்தும் வழக்கம் எடோ காலத்தில் பரவியபோது இவ்விணை பெருவழக்கானது.

கிக்கிசோக்கோ: மதுவின் தரத்தைச் சோதிப்பதற்கான வெண்பீங்கான் கிண்ணம். அடியில் இரண்டு நீல வளையங்கள் இருக்கும். வெண்மையான பகுதி மதுவின் நிறத்தையும், நீல வளையங்கள் அதன் தெளிவையும் காண உதவுகின்றன.

குயினோமி: ஓசோக்கோவை விடப் பெரியதும் ஆழமானதுமான கிண்ணம். இதற்கு வரையறுக்கப்பட்ட அளவு கிடையாது. உயரமும் விட்டமும் பெரும்பாலும் 4 முதல் 7 சதமமீட்டர் வரை அமையும். ஓசோக்கோ பெரும்பாலும் ஒரே அச்சில் பல செய்யப்படும் பொருள். குயினோமி தனித்தனியாக வனையப்பட்டு, தனித்தனியாக மதிக்கப்படும் பொருள்.

குயினோமியாக இன்று பாதுகாக்கப்படும் பழங்கலன்கள் பல அப்பயன்பாட்டுக்கென்றே செய்யப்பட்டவை அல்ல. தேநீர்ச் சடங்குக்கு முன் பரிமாறப்படும் உணவில் முகோசுகே எனப்படும் சிறு உணவுக் கலன்கள் பயன்பட்டன. அவற்றுள் சிறியனவும் ஆழமானவையுமான சிலவற்றைப் பிற்கால ஆர்வலர்கள் மதுக்கிண்ணமாகத் தெரிந்தெடுத்துக் கொண்டனர்.

மூலப்பொருட்கள்

ஷினோ கிண்ணத்துக்கு மொகுசா மண் எனப்படும் மினோ பகுதிக் களிமண் சிறந்ததாகக் கருதப்படுகிறது. இம்மண் பருபருப்பானது, இரும்புச் சத்துக் குறைந்தது, அதிக வெப்பத்தைத் தாங்குவது. சுட்ட பின்னும் இது பீங்கானைப் போல முற்றாக இறுகுவதில்லை. இதனால் ஷினோ கிண்ணம் தடிப்பாகத் தோன்றினாலும் கையில் எடுக்கும்போது எதிர்பார்ப்பதை விட இலேசாக இருக்கும். தரமான மொகுசா மண் கிடைப்பது அரிதாகி வருவதால், பல குயவர்கள் வேறு மண்களைக் கலந்து பயன்படுத்துகின்றனர்.

மெருகு என்பது மட்பாண்டத்தின் மேல் பூசப்பட்டு, சூளையில் உருகி, ஆறும்போது கண்ணாடி போன்ற படலமாக மாறும் பூச்சு ஆகும். பெரும்பாலான மரபுவழி மெருகுகளில் மரச்சாம்பல் முக்கிய இடம் பெறுகிறது. மரச்சாம்பலில் உள்ள கால்சியம் மெருகு எளிதில் உருக உதவும். ஷினோ மெருகு இதற்கு மாறானது. இது ஏறத்தாழ முழுவதும் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தால் ஆனது. ஃபெல்ட்ஸ்பார் கருங்கல்லின் முக்கியக் கூறுகளில் ஒன்று. பொட்டாசியம், சோடியம், அலுமினியம், சிலிக்கா ஆகியவற்றைக் கொண்டது. மினோ பகுதியின் மிசுனாமி நகரைச் சேர்ந்த கமாதோ என்னும் இடத்து ஃபெல்ட்ஸ்பார் இதற்குப் புகழ் பெற்றது.

ஓவியம் தீட்டுவதற்கு ஒனிஇத்தா எனப்படும் இரும்புத் தாது பயன்படுகிறது. இதனை அரைத்து நீரில் கரைத்துத் தூரிகையால் வரைவர்.

செய்முறை

கிண்ணம் குயவர் சக்கரத்திலோ, சக்கரமின்றிக் கைகளால் மட்டுமோ வனையப்படுகிறது. வாய் விளிம்பு முழுவட்டமாகவும் சமமாகவும் அமைவது வேண்டப்படுவதில்லை. மெல்லிய ஏற்ற இறக்கம் விரும்பத்தக்கதாகக் கருதப்படுகிறது. மண் சற்று உலர்ந்த பின் கிண்ணத்தைக் கவிழ்த்து அடிவளையம் செதுக்கப்படும். பருபருப்பான மண்ணில் கருவி செல்லும்போது உண்டாகும் கிழிசல் போன்ற தடங்கள் நீக்கப்படாமல் விடப்படுகின்றன.

உலர்ந்த கிண்ணம் இக்காலத்தில் பெரும்பாலும் குறைந்த வெப்பத்தில் ஒருமுறை சுடப்பட்டு, அதன் பின்னரே மெருகு இடப்படுகிறது. ஓவியம் வேண்டுமானால் மெருகுக்கு முன் வரையப்படும். பின்னர் கிண்ணத்தின் அடியை விரல்களால் பிடித்து, கூழ் போன்ற மெருகுக் கரைசலில் தோய்த்து எடுப்பர். விரல்கள் பட்ட இடங்களில் மெருகு ஒட்டாது. அந்த விரல் தடங்கள் சுட்ட பின்னும் அடிப்பகுதியில் தெரியும்.

இறுதிச் சுடுதல் 1200 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் நடைபெறுகிறது. விறகுச் சூளையில் செம்பைன் மரம் எரிக்கப்படும். வெப்பம் பல நாட்கள் நிலைநிறுத்தப்பட்டு, பின்னர் சூளை மிக மெதுவாக ஆறவிடப்படும். சூளையை உரிய காலத்துக்கு முன் திறந்தால் ஷினோவுக்குரிய நிறங்கள் சரியாக உருவாவதில்லை.

மெருகின் இயல்புகள்

உருகிய ஃபெல்ட்ஸ்பார் மிகுந்த பிசுபிசுப்பு உடையது. எனவே தடிப்பாக இடப்பட்டாலும் வழிந்தோடாமல் கிண்ணத்தின் மீது நிலைத்து நிற்கிறது. சுடும்போது வெளிப்படும் வளிமக் குமிழிகள் இதிலிருந்து எளிதில் வெளியேற முடிவதில்லை. உள்ளே சிக்கிய மிகச் சிறிய குமிழிகள் ஒளியைச் சிதறச் செய்வதாலேயே மெருகு தெளிந்த கண்ணாடியாகத் தோன்றாமல் பால் போல வெண்மையாகத் தோன்றுகிறது. மேற்பரப்பு வரை வந்து வெடித்த குமிழிகள் நுண்துளைகளாக நின்றுவிடுகின்றன. இத்துளைகள் யுசு என்னும் நாரத்தை வகைப் பழத்தின் தோலை ஒத்திருப்பதால் இவ்வியல்பு யுசுத்தோல் என்னும் பொருள்படும் யுசுஹதா என அழைக்கப்படுகிறது.

விளிம்பு, முனைகள் முதலிய இடங்களில் மெருகு மெலிந்திருக்கும். அங்கே மண்ணிலும் ஓவியத்திலும் உள்ள இரும்பு, சூளை ஆறும்போது ஆக்சிசனுடன் சேர்ந்து செந்நிறம் பெறுகிறது. இதனை ஜப்பானியர் தீநிறம் எனப் பொருள்படும் ஹிஇரோ என்பர். ஒரே சூளையில், ஒரே நாளில் சுடப்பட்ட இரு கிண்ணங்களில் கூட இந்நிறம் ஒன்றுபோல் அமைவதில்லை. கிண்ணம் சூளையில் இருந்த இடம், அதன் மீது சென்ற தீயின் வழி, மெருகின் தடிப்பு ஆகியவை நிறத்தைத் தீர்மானிக்கின்றன.

நுண்துளைகளும் சீரற்ற நிறமும் வேறு பல மட்பாண்ட மரபுகளில் குறைகளாகக் கருதி ஒதுக்கப்படுபவை. ஷினோவில் அவையே தேடப்படும் இயல்புகள். எனினும் எல்லாத் துளைகளும் ஏற்கத்தக்கவை அல்ல. மெருகு முற்றாக உருகாமல் சொரசொரப்பாக நிற்பதும், வாய் வைக்கும் விளிம்பில் கூர்மை இருப்பதும் குறைகளே.

வகைகள்

ஷினோ கலன்கள் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றன:

முஜி ஷினோ: ஓவியம் இல்லாத வெண்ணிற வகை.

எ ஷினோ: மெருகுக்கு அடியில் இரும்புச் சாயத்தால் புல், வேலி, மூங்கில் குருத்து முதலிய எளிய ஓவியங்கள் தீட்டப்பட்ட வகை.

நெசுமி ஷினோ: எலி நிறம் எனப் பொருள்படும் சாம்பல் நிற வகை. கிண்ணம் முழுவதும் இரும்புக் குழம்பு பூசி, ஓவியத்தின் வடிவில் அதனைச் சுரண்டி நீக்கிய பின் வெண்மெருகு இடப்படும். சுரண்டிய கோடுகள் சாம்பல் நிறத்தின் நடுவே வெண்மையாகத் தோன்றும். தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள, வாலாட்டிக் குருவி ஓவியம் கொண்ட கலம் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

அக ஷினோ: நெசுமி ஷினோவைப் போன்றே இரும்புக் குழம்பு பூசப்பட்டு, சாம்பல் நிறத்துக்குப் பதிலாகச் செந்நிறம் பெற்ற வகை.

பெனி ஷினோ: மஞ்சட் காவி மண் பூசி, அதன் மேல் ஓவியமும் மெருகும் இடப்பட்ட இளஞ்சிவப்பு வகை.

நெரியாகே ஷினோ: வெண்மண்ணையும் செம்மண்ணையும் கலந்து வனைந்து, அவற்றின் வரிகள் மெருகினூடே தெரியுமாறு செய்யப்படும் வகை.

வரலாறு

தோற்றம்

மினோ என்பது இன்றைய கிஃபு மாகாணத்தின் தென்பகுதியின் பழம்பெயர் ஆகும். தஜிமி, தொக்கி, மிசுனாமி, கனி ஆகிய நகரங்கள் இப்பகுதியில் உள்ளன. இங்கு மொமோயாமா காலத்தில் மஞ்சள் செதோ, கருஞ்செதோ, ஷினோ, ஒரிபே ஆகிய நான்கு வகைக் கலன்கள் உருவாயின. தேநீர்ச் சடங்கு போர்த் தலைவர்களிடமும் வணிகர்களிடமும் செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. சீனக் கலன்களின் ஒழுங்கை விட, நாட்டுக் குயவர்களின் எளிமையான கலன்களைத் தேநீர் வல்லுநர்கள் விரும்பத் தொடங்கியிருந்தனர்.

ஷினோவுக்கு முன் ஜப்பானில் இத்தகைய வெண்மெருகுக் கலன்கள் செய்யப்படவில்லை. மெருகுக்கு அடியில் தூரிகையால் ஓவியம் தீட்டும் முறையும் ஜப்பானில் ஷினோவிலேயே முதலில் வளர்ந்தது எனக் கருதப்படுகிறது. அக்காலத்தைச் சேர்ந்த உனோஹனகாக்கி என்னும் ஷினோ தேநீர்க் கிண்ணம் தோக்கியோவில் உள்ள மிட்சுயி நினைவு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. ஜப்பானில் செய்யப்பட்ட தேநீர்க் கிண்ணங்களுள் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டவை இரண்டே. அவற்றுள் இது ஒன்று. மற்றது ஹொன்அமி கோயெத்சு செய்த ஃபுஜிசான் என்னும் கிண்ணம்.

மறைவு

தொடக்க கால ஷினோ, ஓகாமா எனப்படும் ஒற்றை அறைப் பெருஞ்சூளைகளில் சுடப்பட்டது. இச்சூளைகள் மிகுந்த விறகை விழுங்குபவை. ஒரு முறையில் சுடப்படும் கலன்களும் குறைவு. ஜப்பான் 1592 முதல் 1598 வரை கொரியா மீது நடத்திய படையெடுப்புகளின் போது அங்கிருந்து கொண்டுவரப்பட்ட குயவர்களால் கியூஷூ தீவின் கரட்சு பகுதி மட்பாண்டத் தொழில் பெரிதும் வளர்ந்தது. அங்கு வழங்கிய பல அறைகள் கொண்ட சரிவுச் சூளை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மினோவுக்கும் வந்தது.

புதிய சூளை விறகைச் சிக்கனப்படுத்தியது. ஒரே முறையில் பெருமளவு கலன்களைச் சுட உதவியது. ஆனால் அது விரைவாகச் சூடேறி விரைவாக ஆறியது. அதில் சுட்ட ஷினோவின் மெருகு மெலிந்து பளபளப்பானது, தீநிறமும் குறைந்தது. இத்தகைய கலன்கள் ஷினோ ஒரிபே என வேறுபடுத்தப்படுகின்றன. தேநீர் வல்லுநர்களின் சுவையும் மாறியது. கியூஷூவில் பீங்கான் உற்பத்தியும் தொடங்கியது. மெதுவாக ஆறும் பழைய சூளைகள் கைவிடப்பட்டதோடு பழைய ஷினோவும் மறைந்தது. அது எங்கே செய்யப்பட்டது என்பதும் காலப்போக்கில் மறக்கப்பட்டு, அண்டையிலுள்ள ஐச்சி மாகாணத்தின் செதோ நகரமே அதன் பிறப்பிடம் எனப் பொதுவாக நம்பப்பட்டது.

மீள்கண்டுபிடிப்பு

இந்நம்பிக்கையை மாற்றியவர் தஜிமியில் பிறந்த குயவர் அரகாவா தொயோசோ (1894-1985) ஆவார். இவர் சமையற்கலைஞரும் மட்பாண்டக் கலைஞருமான கிதாஓஜி ரொசன்ஜினின் கமகுராச் சூளையில் பணியாற்றி வந்தார். 1930 ஏப்ரலில் நகோயா நகரில் நடந்த ஒரு கண்காட்சிக்காகச் சென்றிருந்தபோது, மூங்கில் குருத்து ஓவியம் கொண்ட பழைய ஷினோ தேநீர்க் கிண்ணம் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. அதன் அடிவளையத்தில் ஒட்டியிருந்த செம்மண் துணுக்கு ஒன்று, அக்கிண்ணம் செதோவில் செய்யப்பட்டது தானா என்ற ஐயத்தை இவரிடம் எழுப்பியது.

அடுத்த சில நாட்களில் அரகாவா மினோ சென்று, ஓகயா என்னும் மலைப்பகுதியில் இருந்த முதாபொரா பழஞ்சூளையின் இடிபாடுகளில் தேடினார். நகோயாவில் பார்த்த அதே மூங்கில் குருத்து ஓவியம் கொண்ட ஷினோ ஓடு ஒன்று அங்கே கிடைத்தது. ஷினோவின் பிறப்பிடம் செதோ அன்று, மினோவே என்பதற்கு இச்சிறு ஓடு சான்றாயிற்று. ஜப்பானிய மட்பாண்ட வரலாற்றின் ஒரு பகுதி இதனால் திருத்தி எழுதப்பட்டது.

பிறப்பிடம் தெரிந்த பின்னும் செய்முறை தெரியாமலேயே இருந்தது. அரகாவா 1933இல் ஓகயாவில் மொமோயாமா காலச் சூளையைப் பின்பற்றிப் பாதி நிலத்துள் அமைந்த சூளை ஒன்றைக் கட்டினார். முதற் சூளை தோல்வியில் முடிந்தது. அதனை இடித்துவிட்டு வேறு சூளை கட்டி முயற்சியைத் தொடர்ந்தார். 1935இலேயே அவர் மனநிறைவு கொள்ளும் கலன்கள் கிடைத்தன. அவற்றுள் ஒரு ஷினோ குயினோமியையும் ஒரு கருஞ்செதோ தேநீர்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு கமகுராவுக்குச் சென்று ரொசன்ஜினிடம் காட்டினார். ரொசன்ஜின் அவற்றைப் பாராட்டி, மீண்டும் கமகுராவுக்கு வருமாறு அழைத்தார். அரகாவா அதனை ஏற்காமல் ஓகயாவிலேயே தங்கித் தொழிலைத் தொடர்ந்தார். 1955இல் ஷினோ, கருஞ்செதோ ஆகியவற்றுக்காக முக்கியமான அருவப் பண்பாட்டுச் சொத்தின் காப்பாளராக அவர் அறிவிக்கப்பட்டார். இத்தகையோர் வழக்கில் வாழும் தேசியச் செல்வம் என அழைக்கப்படுகின்றனர்.

பிற்கால வளர்ச்சி

அரகாவா மரபுவழி விறகுச் சூளையைப் போற்றியவர். இதற்கு மாறாக, 1934இல் பிறந்த சுசுக்கி ஒசாமு, வளிமச் சூளையைக் கொண்டே ஷினோவைச் சுடும் முறையை வளர்த்தார். வெப்பத்தையும் ஆக்சிசனின் அளவையும் வளிமச் சூளையில் துல்லியமாகக் கட்டுப்படுத்தலாம். இவர் 1994இல் ஷினோவுக்காக வாழும் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டார். ஷினோவின் தன்மைக்கு இன்றியமையாதது விறகா, அல்லது வெப்பமும் காலமுமா என்ற கேள்விக்கு இரு குயவர்களின் பணியும் இருவேறு விடைகளைத் தருகிறது.

1978இல் மினோ மட்பாண்டம் ஜப்பானிய அரசால் மரபுவழிக் கைவினைப் பொருளாக அறிவிக்கப்பட்டது. ஜப்பானுக்கு வெளியே, 1970களில் ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் குயவர் வாரன் மெக்கன்சியின் மாணவர்களிடையே ஷினோ மெருகு பற்றிய சோதனைகள் நடைபெற்றன. சோடியம் உப்புச் சேர்த்து, புகைக்கரியை மெருகினுள் சிக்கவைத்துக் கருநிறப் புள்ளிகளை உண்டாக்கும் அமெரிக்க ஷினோ அவற்றிலிருந்து வளர்ந்தது. பெயர் ஒன்றாயினும் மூலப்பொருளிலும் தோற்றத்திலும் இது ஜப்பானிய ஷினோவில் இருந்து வேறுபட்டது.

பயன்பாடும் பேணலும்

தடித்த சுவரும் குமிழிகள் நிறைந்த மெருகும் வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், ஷினோ குயினோமியில் ஊற்றிய சூடான சாக்கே கையைச் சுடுவதில்லை. விரைவில் ஆறுவதும் இல்லை. ஜப்பானிய வழக்கப்படி விருந்தில் ஒருவர் தமது கிண்ணத்தில் தாமே ஊற்றிக் கொள்ளாமல் மற்றவருக்கு ஊற்றுவார். சில மதுச்சாலைகளில் பலவகைக் கிண்ணங்கள் ஒரு தட்டில் கொண்டுவரப்பட்டு, விருந்தினர் தமக்கு விருப்பமானதைத் தெரிந்தெடுக்கின்றனர்.

ஷினோவின் மண் நீரை உறிஞ்சும் தன்மை உடையது. எனவே பயன்படுத்துவதற்கு முன் கிண்ணத்தைச் சிறிது நேரம் தூய நீரில் ஊறவைப்பது வழக்கம். நீரால் நிறைந்த நுண்துளைகளில் மது எளிதில் புகாது. பயன்படுத்திய பின் உடனே கழுவி, நன்கு உலர்த்தி வைக்க வேண்டும். ஈரத்துடன் பெட்டியில் மூடிவைத்தால் பூஞ்சை பிடிக்கும். இவ்வாறு பேணினும், பல ஆண்டுப் பயன்பாட்டில் மெருகின் மயிரிழை வெடிப்புகளினூடே நிறம் ஊறி, கிண்ணத்தின் தோற்றம் மெல்ல மாறுகிறது. ஜப்பானியர் இதனைச் சிதைவாகக் கருதாமல், கிண்ணத்தை "வளர்த்தல்" எனக் குறிப்பிடுகின்றனர். உடைந்த கிண்ணங்கள் அரக்கால் ஒட்டப்பட்டு, ஒட்டிய கோடுகளின் மேல் பொற்பொடி தூவிச் சீர்செய்யப்படுவதும் உண்டு.

மதிப்பிடல்

குயவரின் பெயரும் முத்திரையும் எழுதப்பட்ட பவுலோனியா மரப்பெட்டியுடன் ஷினோ குயினோமி விற்கப்படுவது வழக்கம். பெட்டி இல்லாத கிண்ணத்தின் விலை குறையும். எனினும் பெட்டியை மாற்றி வைக்க முடியும் என்பதால் அது மட்டுமே போதிய சான்றாகாது. மண்ணின் தன்மை, அடிவளையம் செதுக்கப்பட்ட முறை, மெருகின் தடிப்பு, தீநிறம் அமைந்த இடம் ஆகியவை ஒருங்கே பார்க்கப்படுகின்றன. இவற்றுள் அடிவளையம் சிறப்பிடம் பெறுகிறது. மெருகு மறைக்காத இடம் அதுவே. குயவரின் மண்ணும் கையும் அங்கேதான் நேரடியாகத் தெரிகின்றன. ஷினோவின் பிறப்பிடத்தை அரகாவா தேடத் தொடங்கியதும் ஒரு கிண்ணத்தின் அடிவளையத்தைப் பார்த்ததன் பயனாகவே ஆகும்.

ஷினோ தேநீர்க் கிண்ணங்கள் மிக உயர்ந்த விலை கொண்டவையாதலால், அன்றாடம் கையாளத்தக்க ஷினோவாகக் குயினோமியே பலருக்கும் அமைகிறது. சேகரிப்போர் ஒரு குயவரின் படைப்பை முதலில் குயினோமி வழியாக அறிந்துகொள்வதும் பொதுவான வழக்கமாகும்.